அமெரிக்க மாப்பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை

கேந்திப்பூ விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது. மண்மேல் தூவி, விரலால் லேசாகக் கிளறிவிட்டால் போதும். ஐந்தாம் நாள், ஆறாம் நாள் முளைத்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டெல்லாமேரி டீச்சர். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடட்டும் என்றுதான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னீர்கள். சுருக்கமாக எழுதவும் சொன்னீர்கள். இரண்டும் ஒன்றாக நடக்காது, முயற்சி செய்கிறேன். டீச்சர் தானாக மருந்து குடித்து இறந்தார் என்று எழுதி வழக்குக் கட்டை மூடியிருக்கிறீர்கள். அது தவறு. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே அப்படித்தான் நம்புகிறது. இந்த வருஷம் நம் பக்கத்தில் பருத்திக்கு வாங்கிய மருந்தில் பாதியைப் புழு குடித்தது, மீதியை மனுஷன் குடித்தான். அந்தக் கணக்கில் இன்னொருவர் என்று நினைப்பது இயல்புதான்.

என் பெயர் நந்தகோபால். கோவில்பட்டியில் பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் வருஷம். விளாத்திகுளம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பாவுக்கு அறுபது ஆடும் கொஞ்சம் கரிசலும் உண்டு. ஊரில் எனக்கிருக்கும் மரியாதை ஆட்டால் வந்ததல்ல. ‘கொடுக்கு’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறேன். மாதம் நாலு பக்கம். வெயிலுமுத்து அண்ணாச்சியின் டீக்கடைச் சுவரில் ஒட்டுவேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள்கூட நின்று படித்துவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்குவார்கள்.

போன வருஷம் எங்கள் தெருவிளக்கு எரியாமல் கிடந்தது. நான் அதற்கு ஒரு கண்ணீர் அஞ்சலி எழுதி, கறுப்புக் கட்டம் போட்டு, கம்பத்தில் ஒட்டினேன். ‘பஞ்சாயத்தாரின் நீண்டகாலப் பராமரிப்பில் இருந்த தெருவிளக்கு அவர்கள் இயற்கை எய்தினார்கள்.’ ஊர் முழுக்கச் சிரித்தது. டீச்சர் மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, “நல்லா எழுதிருக்க தம்பி. மனு குடுத்தியா?” என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவர் கொடுத்தார். நான்காம் நாள் புது பல்பு எரிந்தது. ஊரார் டீச்சரைப் பாராட்டினார்கள். என் போஸ்டரை யாரோ கிழித்து எடுத்துவிட்டார்கள். பல்பு எரிகிற கம்பத்தில் இரங்கல் நன்றாக இல்லை என்று காரணம் சொன்னார்கள். அது நியாயம்தான். அவர் சிரிக்காததை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வந்த எட்டு இதழ்களுக்கும் அவர் சிரிக்கவில்லை. அதையும் பொருட்படுத்தவில்லை.

டீச்சர் கயத்தாற்றுக்காரர். எங்கள் ஊர்ப் பால்வாடிக்கு வந்து எட்டு வருஷம். கணவர் ஆண்ட்ரூஸ் அண்ணன் லாரி டிரைவர். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பிள்ளைகள் இல்லை. பால்வாடியில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அரிசியும் பருப்பும் மேலிருந்து வரும். காய் வராது. அதனால் பால்வாடிக்குப் பின்னால், அடிபம்பில் வீணாகும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, கத்தரி, தக்காளி, வெண்டை போட்டிருந்தார். எங்கள் ஊரில் கோடையிலும் பச்சையாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்தத் தோட்டத்துக்கு அவர் மருந்தடிப்பதில்லை. விவசாய ஆபீஸில் மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்தவர், வேலியைச் சுற்றிக் கேந்தி விதைத்தார். நடுநடுவே கொத்தமல்லி போட்டு, அதை அறுக்காமல் பூக்க விட்டார். வேலியோரமாக ஒரு வரிசை தட்டாம்பயறு. இதில் சூட்சுமம் என்னவென்றால், தட்டாம்பயற்றில் அசுவினி என்கிற பேன் போன்ற பூச்சி கரிபோல அப்பிக்கொள்ளும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். பூவில் தேன் குடிக்கக் குளவி வரும். வந்தவை சும்மா திரும்பிப் போகாமல் கத்தரிப் புழுவையும் வெண்டைப் பேனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். நடந்தும் காட்டியது. சொத்தை இல்லாத கத்தரிக்காயை எங்கள் ஊர் முதன்முதலில் பார்த்தது பால்வாடிக் குழம்பில்தான்.

ஆனால் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்குக் கறுப்பாக அப்பியிருக்கும் அசுவினிதான் தெரியும். டீச்சர் பூச்சிக்குச் சோறு போட்டு வளர்க்கிறார் என்று பேச்சு இருந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. பிடித்த பூச்சிகளை ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு என்னிடம் கொண்டுவந்து பெயர் கேட்பார். நான் கல்லூரியிலிருந்து லென்ஸ் கொண்டுவந்து பார்த்துச் சொல்வேன். எது நன்மை செய்வது, எது தீமை செய்வது என்று ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொள்வார். ஆக, அந்தத் தோட்டம் என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் டீச்சர். மற்றவன் நான்.

இந்த மார்கழியில் பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. மருந்துக் கடைக்காரர்கள் அதை அமெரிக்கன் புழு என்றார்கள். ஒரு மருந்து அடித்தார்கள், பிறகு இரண்டைக் கலந்து அடித்தார்கள், பிறகு கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் கலந்து அடித்தார்கள். புழு தேறிக்கொண்டே வந்தது. பால்வாடிக்கு அடுத்த புஞ்சை சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியுடையது. மூன்று ஏக்கரில் ஒரு காய் தப்பவில்லை. அவர் டீக்கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், எங்கேயிருந்துதான் வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியாது. பக்கத்தில் பத்துப் பேர் இருப்போம். ஒருவரும் பேச மாட்டோம். அப்படி ஒரு டீக்கடையை நான் பார்த்ததில்லை. ஊரைச் சிரிக்க வைக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருப்பதாக உணர்ந்தேன்.

அந்த வியாழக்கிழமை ஒரு கல்யாணப் பத்திரிகை எழுதினேன். கார்பன் வைத்துப் பத்துப் பிரதி. முறைப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். ஒரு பிரதி உங்கள் மேஜையில் இருக்கிறது. இருந்தாலும் இங்கே எழுதிவிடுகிறேன்.

‘நிகழும் வெகுதானிய வருஷம் தை மாதம், திருவளர்செல்வன் பச்சைப்புழு (அமெரிக்காவில் நிரந்தர வேலை) அவர்களுக்கும், உள்ளூர்த் தட்டாம்பயறு வகையறா திருவளர்செல்வி அசுவினி அவர்களுக்கும் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டுள்ளது. மணமேடை: ஸ்டெல்லா டீச்சர் பூந்தோட்டம். விருந்து: அடுத்த புஞ்சை, சங்கிலிப்பாண்டி அவர்களின் பருத்தியில். தாங்கள் சுற்றம் சூழப் பறந்து வந்து, மணமக்கள் ஆயிரமாயிரம் மக்களைப் பெற வாழ்த்த வேண்டுகிறோம். மொய் வேண்டாம். இலை இருந்தால் போதும்.’

நான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான். வெயிலுமுத்து அண்ணாச்சி சிரித்ததில் பாய்லர் பக்கம் கையை ஊன்றிச் சுட்டுக்கொண்டார். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியும் சிரித்தார். வாரக் கணக்கில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்காத ஊர் அது. ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். எனக்கு நிறைவாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். வியர்வையில் மஞ்சள் ஊறிப் பரவியிருந்தது.

“ஏலே நந்தகோவாலு, சிரிச்சது போதும். நெசத்தச் சொல்லு. அந்தப் பூவுக்குத்தான் இம்புட்டும் வருதா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் தோட்டத்துப் பூச்சிகள் உங்கள் புழுவைத் தின்னத்தான் பார்க்கின்றன, நீங்கள் அடிக்கிற மருந்தில் அவைதான் முதலில் சாகின்றன என்று சொல்லியிருக்கலாம். முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு நகைச்சுவையை விளக்கினால் அது செத்துப்போகும். அதனால், “அண்ணாச்சி, பத்திரிகையில போட்டதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?” என்றேன். அது பொய் இல்லை. பதிலும் இல்லை.

“நீ பூச்சிக்குப் படிக்கவன்லா. ஒனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நடந்த விதத்தில் என்ன முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் டீச்சருக்கும் ஒரு பிரதி கொண்டுபோனேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, முறையாக அழைத்தேன். அவர் நின்றபடியே படித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது போலிருந்தது. பல் வலியாகவும் இருக்கலாம். மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

“தம்பி, சங்கிலிப்பாண்டி அண்ணன் ரெண்டு நாளா வேலியப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்துட்டே இருக்காவ. எனக்கு மனசு சரியில்ல. நான் சொன்னா, தன் தோட்டத்துக்காகப் பேசுதாள்னு நெனைப்பாவ. நீ சொன்னா கேப்பாவ. திங்கக்கெழம சாயங்காலம் ஊர்க் கூட்டம் இருக்குல்லா, எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லிரு. வெளையாட்டுக்கு எழுதினேன்னு சொன்னாப் போதும். பிள்ளையளுக்கு அந்தக் காய விட்டா வேற ஒண்ணுமில்ல.”

சரி டீச்சர் என்றேன்.

எந்திரிச்சு, வெளையாட்டுக்கு எழுதினேன்னு. அந்த வாக்கியத்தை வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் தப்புச் செய்த பையன் சொல்வது போலிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் பூசைக்குப் போனார். பூசை முடிந்து கயத்தாற்றில் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். பதினொரு மணிக்குச் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி மருந்தடிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட வந்தார். அவர் புஞ்சையில் அந்தக் கோலத்தில் அவரைப் பார்ப்பது எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் முழுக்க மருந்து வாடை அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. மூக்கு மரத்துப் போயிருந்தது.

தன் புஞ்சைப் பக்கம் நின்றபடியே வேலிக்கு மேலாகக் கேந்தியிலும் தட்டாம்பயற்றிலும் அடித்தார். நல்ல மனிதர். “காயில பட்டுறாம. பிள்ளையள் திங்கது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அடித்தார். பாதி டேங்க் தீர்ந்ததும் போதும் என்று இறக்கி வைத்துவிட்டார். அவருக்கு நெஞ்சு படபடத்தது. கழுவி வைத்துவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் கழுவி வைத்தேன்.

பிறகு கொஞ்ச நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பூச்சிப் பெட்டி தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஊசி குத்தி, கீழே பெயர் எழுதி. வலை வைத்துக்கொண்டு வெயிலில் ஓடினாலும் பத்து வகை கிடைப்பது கஷ்டம். அன்று நாலு மணிக்குள் நாற்பத்தொரு வகை தரையில் கிடந்தன. பொறிவண்டு மட்டும் ஒரு கைப்பிடி. செடிச் செடியாகக் குனிந்து, ஒன்றுவிடாமல் பொறுக்கினேன். தேவைக்கு மேல் கிடந்ததையும் விளக்குமாறால் கூட்டி அள்ளிவிட்டேன். இந்த வருஷம் பெட்டிக்கு முதல் மதிப்பெண் எனக்குத்தான். ஒரே இடத்தில் இத்தனை பொறிவண்டை எப்படிப் பிடித்தாய் என்று பேராசிரியர் கேட்டார். வேதியியல் துறை உதவியது என்றேன். நன்றாகச் சிரித்தார்.

தரை சுத்தமாக இருந்ததால், திங்கட்கிழமை காலையில் டீச்சருக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

டீக்கடை பால்வாடிக்கு நேர் எதிர், கட்டடத்தின் ஓரமாகத் தோட்டத்தின் ஒரு பக்கம் தெரியும். ஆறரை மணியிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பனி ஈரத்தில் வெறுங்கையால் காய் பறித்தார். வழக்கம்போல ஒரு பிஞ்சு வெண்டையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு தக்காளியைப் புடவையில் துடைத்துக் கடித்தார். என்னைப் பார்த்ததும் வேலியருகே வந்து, “சாயங்காலம் வருதேல்லா?” என்று கேட்டார்.

“வாரேன் டீச்சர்” என்றேன்.

அந்த நேரத்திலிருந்து பன்னிரண்டு மணிச் சாப்பாடுவரை எனக்கு ஐந்தரை மணி நேரம் இருந்தது. சாலையைக் கடந்தால் இருபது அடி. நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். போய்ச் சொல்லியிருந்தால், நேற்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பத்திரிகையை விளக்க வேண்டும். அதன் பிறகு சாயங்காலம் ஊர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்று.

பிள்ளைகளைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். யோசித்தேன். டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. சமையல் முடிந்ததும் முதல் தட்டு அவருக்கு. ருசி பார்க்கிற மாதிரி ஒரு கரண்டி இல்லை. ஒரு தட்டு முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் பிள்ளைகளைத் தட்டோடு உட்கார வைப்பார். அதற்காகச் சமையல் செய்கிற ஜானகியம்மாளுக்கு அவர்மேல் கோபம். “நான் என்ன வெசமா வைக்கேன்?” என்று டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட டீச்சர் அந்த வழக்கத்தை விட்டதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு எந்த ஆபத்தும் வராது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். டீச்சர்தான் முதலில் சாப்பிடுவார்.

அப்படியே நடந்தது. சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் வியர்த்து, வாயில் நுரை வந்தது. தவழ்ந்துபோய்க் குழம்புச் சட்டியைக் காலால் தள்ளிக் கவிழ்த்தார். ஜானகியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கத்தரிக்காயும் தக்காளியும் தரையில் ஓடி மண்ணில் ஊறின. மிச்சத்தைக் கோழி கொத்தியது. வேன் பிடித்துக் கொண்டுபோனார்கள். கோவில்பட்டி வரை உயிர் தாங்கவில்லை.

உடம்பில் பருத்தி மருந்து இருந்தது. பரிசோதித்துப் பார்க்கக் குழம்பு மிஞ்சவில்லை. சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு, பூவில் மருந்தடித்தது தான்தான் என்று ஊர் முன்னால் சொன்னார். ஆசையாக வளர்த்த பூவை அழித்ததைத் தாங்காமல் குடித்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். கோழி இரண்டு செத்ததை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. தற்கொலை என்பதால் அவருடைய சபைப் பெரியவர்கள் தயங்கினார்கள். மணி அடிக்காமல், கல்லறைத் தோட்டத்தின் சுற்றுச்சுவர் ஓரமாகப் புதைத்தார்கள். ஆண்ட்ரூஸ் அண்ணன், “அவ அப்படிப் பண்ணுதவ இல்ல” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். எழுதினேன். படித்தவர்கள் அழுதார்கள்.

ஒரு டேங்கைக் கழுவ வேண்டுமென்றால் முதலில் அதில் உள்ளதைக் காலி செய்ய வேண்டும். மீதிப் பாதி டேங்கில், அண்ணாச்சி விட்டுப்போன பாட்டிலிலிருந்து இன்னும் ஒரு மூடி மருந்து ஊற்றிக் கலக்கினேன். வேலிக்கு உள்ளே போனேன். கத்தரி, தக்காளி, வெண்டை என்று வரிசை வரிசையாக அடித்தேன். இலைக்கு அடிப்புறமும் நனைய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அப்படியே செய்தேன். காயில் படாமல் அடிக்கச் சொன்னதைக் காதால் கேட்டவன் நான். மறுநாள் யார் பறிப்பார், யார் முதலில் சாப்பிடுவார் என்று தெரிந்துதான் அடித்தேன். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சிக்கு இதில் பங்கில்லை. இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.

இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள்.

போன வாரம், டீச்சருக்கு முப்பதாம் நாள் முடிந்த கையோடு, ஆண்ட்ரூஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். டீச்சர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் தபாலில் போட்ட இன்லண்ட் லெட்டர் ஹூப்ளி லாரி ஆபீஸில் அவருக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. சாகப் போகிறவள் எழுதுகிற கடிதம் இது இல்லை, இதை வைத்து நல்ல தமிழில் ஒரு மனு எழுதிக் கொடு, அவளுக்கு ஒரு மணியாவது அடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றார். உங்களிடம் இருக்கும் மனு என் கையெழுத்துதான். எழுதுவதற்காகக் கடிதத்தைப் படித்தேன். நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த ஒரு பத்தியை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன்.

‘நம்ம நந்தகோபால் ஒரு கல்யாணப் பத்திரிகை எழுதிருக்கான். இதோடு வைத்தால் கனம் கூடும், நீங்கள் வந்ததும் காட்டுகிறேன். பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்து, பக்கத்துச் சீட்டு அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவன் எழுதுவது எல்லாமே எனக்குச் சிரிப்பாக வரும். அவன் முன்னால் காட்டிக்கொள்ள மாட்டேன். சிரித்தால் அதோடு நின்றுவிடுவான். சிரிக்காவிட்டால் இன்னும் நன்றாக எழுதுவான். நாளைக் கூட்டத்தில் அவனே பேசுகிறேன் என்றிருக்கிறான். நல்ல பிள்ளை.’

இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. அதனால்தான் வந்தேன். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எட்டு வருஷம் பக்கத்தில் இருந்தவர், சிரிப்பு வந்ததை அன்றைக்கே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தவறு என்னுடையது மட்டும் இல்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.